கணுக்கால் உயரத்தில் ஒரு படம்

வகுப்பில் அவளுக்கு ரசமட்டம் என்று பெயர். வைத்தது யார் என்று தெரியாது. வைத்த பெயர் மட்டும் பசை போட்டது போல ஒட்டிக்கொண்டது. அவளுடைய அப்பா தரைக்கு டைல்ஸ் பதிக்கிறவர். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி ஓடுகிற அவருடைய பழைய ரசமட்டம் ஒன்றை அவள் பையில் போட்டுக்கொண்டுதான் கலைக் கல்லூரிக்குப் போவாள். சுவரில் மாட்டிய எந்தப் படத்தின் தலையிலும் அதை வைத்துப் பார்க்காமல் நகர மாட்டாள். குமிழி நடுவில் வந்து நின்றால்தான் அவளுக்கு மூச்சு வரும்.

படிப்புக்கு முன்னால் படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் வேலை பார்த்தாள். கல்யாணப் படம், செத்தவர் படம், குழந்தையின் முதல் சான்றிதழ் என்று ஊரார் சுவரெல்லாம் அவள் கை வழியாகத்தான் போயின. ஒருநாள் கண்ணாடி வாங்க வந்த கல்லூரி ஆள் ஒருவர், "படம் மாட்டறதுக்கே எங்க கல்லூரியில ஒரு படிப்பு இருக்கும்மா. எந்தப் படம், எந்தச் சுவர், எது எதுக்குப் பக்கத்துலன்னு முடிவு பண்றவங்களை கியூரேட்டர்னு சொல்லுவாங்க. கூடவே விமர்சனம் எழுதவும் சொல்லித் தருவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவளுக்குக் கடையில் கை ஓடவில்லை.

வீட்டில் அம்மாதான் நெற்றியைச் சுருக்கினாள். "வரையவும் தெரியாது, வரைஞ்சதை வாங்கவும் வழி கிடையாது. நடுவுல நின்னு என்னடி படிப்பு?"

"நான் மட்டும் என்ன, டைல்ஸ் செய்யறேனா?" என்றார் அப்பா. "எவனோ செஞ்சதை வரிசையா வைக்கறேன். நான் தரையில வைக்கறேன், இவ சுவத்துல வைக்கட்டும். தொழில் மாறலை."

அந்தப் பேச்சு முடிந்த வாரத்தில் சித்தியிடமிருந்து போன் வந்தது. சித்தி மகளும் அதே படிப்புக்கு மனுப் போட்டிருக்கிறாளாம். இடம் கிடைத்தால் பெரியம்மா வீட்டில் தங்கிக்கொள்ளலாமா என்று கேட்டாள். அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ரசமட்டத்துக்கு வயிற்றில் பழைய அடுப்பு பற்றிக்கொண்டது.

பழைய அடுப்புத்தான். சித்தி மகள் மூன்று மாதம் பிந்திப் பிறந்து மூன்று மாதம் முந்தி நடந்தவள். பள்ளிக்கூட விடுமுறைகளில் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்காத உறவினர் கிடையாது. பார்த்தவர்கள் இவளிடம் "நீ நல்ல பொண்ணு" என்பார்கள். அவளைப் பார்த்தால் பேச்சு வராமல் சிரிப்பார்கள். நல்ல பெண் என்ற பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது, உப்புப் போட்டு நக்குவதா?

சித்தி மகள் ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாள். அறையில் ஜன்னல் ஓரக் கட்டில் யாரும் கொடுக்காமலே அவளுடையது ஆயிற்று. "மூணு மாசத்துக்கெல்லாம் உன்னை அக்கான்னு கூப்பிட முடியாதுடி" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். ஏதாவது வேண்டும் என்றால் மட்டும் அக்கா. "அக்கா, உன் சீப்பு." "அக்கா, உன் குடை." குடையை எடுத்துக்கொண்டு போய் எங்கேயாவது விட்டுவிட்டு வருவாள். அம்மா அதற்கும் சிரித்து, "கலைஞர்கள்னா அப்படித்தான்" என்பாள். இத்தனை வருஷத்தில் ஒரு குடையைக்கூடத் தொலைக்காத இவளை யாரும் எந்தப் பெயரும் சொல்லிப் பாராட்டியதில்லை.

வகுப்பில் கதை இன்னும் மோசம். விமர்சனப் பாடம் எடுக்கிற மேடம் மெலிந்த உடம்பும் கனத்த குரலுமாக இருப்பார். எழுதியதை வாங்கி அங்கேயே உரக்கப் படிப்பார். இவளுடைய கட்டுரையைப் படித்துவிட்டு, "சுத்தமா இருக்கு" என்றார். சித்தி மகளுடையதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அங்கங்க பிழை. ஆனா மூச்சு இருக்கு."

சுத்தமா இருக்கு. கூடம் கூட்டித் துடைத்தவளிடம் சொல்கிற வார்த்தை. பேருந்தில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வார்த்தையை அவள் மென்றுகொண்டே வந்தாள். பக்கத்தில் மூச்சுக்காரி இவள் தோளில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தோளை நகர்த்தலாம் என்று தோன்றியது. நகர்த்தவில்லை, நல்ல பெண்ணாயிற்றே.

இரண்டாம் வருஷத்தில்தான் உண்மையான போட்டி. மாடியில் ஒரு சின்ன அறை இருந்தது. அதை ஆளுக்கு ஒரு வாரம் கொடுப்பார்கள். கல்லூரிக் கிடங்கில் இருக்கிற படங்களிலிருந்து எடுத்து, ஒரு தலைப்பை வைத்து, ஒரு கண்காட்சி அமைக்க வேண்டும். வாரம் முடிந்ததும் வகுப்பில் எல்லோரும் அதற்கு விமர்சனம் எழுதிவந்து படிப்பார்கள். எல்லாக் கண்காட்சிகளிலும் எது சிறந்தது என்று மேடம் சொல்கிறாரோ, அதை அமைத்தவருக்கு வருஷக் கடைசியில் கீழ்த்தளத்துப் பெரிய ஹால் கிடைக்கும். வெளியூர்க் கலைக்கூடங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்க்கிற ஹால் அது. வேலை கிடைப்பதும் கிடைக்காததும் அங்கேதான். ரசமட்டம் கல்லூரியில் கால் வைத்த நாளிலிருந்து அந்த ஹாலைக் கண்ணால் அளந்துவைத்திருந்தாள்.

அவளுடைய முறை முதலிலேயே வந்து போய்விட்டது. கடலும் வானமும் சந்திக்கிற கோடு இருக்கும் படங்களாகத் தேர்ந்தெடுத்து, எல்லாப் படத்திலும் அந்தக் கோடு ஒரே உயரத்தில் வருகிற மாதிரி அறையைச் சுற்றி மாட்டினாள். ஒரு மயிரிழை பிசகவில்லை. விமர்சனக் கூட்டத்தில், வகுப்பில் வாயாடி என்று பெயர் வாங்கிய பையன் எழுந்து படித்தான்: "ரயில் பெட்டி மாதிரி இருந்தது. ஏறினேன். அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிட்டேன்." வகுப்பு சிரித்தது. சித்தி மகள் சிரிக்கவில்லை. அவனைத் திரும்பி முறைத்தாள். சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருக்கலாம்.

கடைசி முறை சித்தி மகளுக்கு. அவள் எடுத்துக்கொண்ட தலைப்பு 'தொலைந்தது'.

அந்தக் கல்லூரியில் ஒரு முறை உண்டு. படம் மாட்டுவதற்கு முன் அறையை அட்டையில் சின்னதாகச் செய்ய வேண்டும். அதற்கு அட்டை ரூம் என்று பெயர். சுவர், கதவு, ஜன்னல் எல்லாம் அளவுப்படி இருக்கும். படங்களைத் தபால் தலை அளவுக்கு அச்சடித்து, களிமண் மாதிரியான ஒட்டுப்பசையில் அட்டைச் சுவரில் ஒட்டி, மாற்றி மாற்றிப் பார்க்கலாம். முடிவானதும் மேடம் பார்த்து அதன் முதுகில் கையெழுத்துப் போடுவார். அதற்குப் பிறகு அட்டை ரூமில் எப்படியோ அப்படியே நிஜ அறையில் மாட்டுவார் கல்லூரி ஊழியர் ஆணி அண்ணன். மாட்டுகிற நாளில் மாணவர்களை அறைக்குள் விடவே மாட்டார். "உங்களை உள்ள விட்டா இங்க ஆணி அடி, அங்க ஆணி அடின்னு என் சுவத்தைச் சல்லடை ஆக்கிடுவீங்க. அட்டை என்ன சொல்லுதோ அதுதான் எனக்கு வேதம்." மாட்டி முடித்த பிறகுதான் உள்ளே போகலாம். ஏதாவது மாற்ற வேண்டும் என்றால் அப்போது கேட்டுக்கொள்ளலாம்.

சித்தி மகள் அட்டை ரூமைக் கட்டிலில் வைத்துக்கொண்டு பத்து நாளாக உட்கார்ந்திருந்தாள். தலைமுடியில் பசை. போர்வையில் பசை. கூட்டத்தில் செருப்பைத் தொலைத்தவர், நாயைத் தேடுகிறவர், யாரும் இறங்காத ரயில்நிலையம் என்று மற்றச் சுவர்களில் படங்கள். நடுச்சுவரில் தன்னந்தனியாக ஒரு சின்ன எண்ணெய் வண்ணப் படம். ஒரு பெண் முதுகைக் காட்டிக் குனிந்து, தரையில் கழன்று விழுந்த தோட்டின் திருகாணியைத் தேடுகிறாள். முகம் தெரியாது. கழுத்தின் பின்பக்கமும் தரையில் ஊன்றிய ஒரு கையும்தான்.

"அக்கா, எப்படி இருக்கு?"

அக்கா என்றால் ஏதோ வேண்டும் என்று அர்த்தம். ரசமட்டம் குனிந்து பார்த்தாள். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. எந்த இரண்டு படத்துக்கும் நடுவில் ஒரே இடைவெளி இல்லை. ஆனால் எங்கே நின்றாலும் கண் தானாக அந்தக் குனிந்த பெண்ணிடம் போய்ச் சேர்ந்தது. ஹால் யாருக்கு என்று மேடம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

"நல்லாருக்கு."

"நல்லாருக்குன்னா?"

"நல்லாருக்குன்னா நல்லாருக்குதான். உன்னைப் பாராட்ட மேளம் வாங்கிட்டு வரணுமா?"

"கோவமாப் பாராட்டறது நீ ஒருத்திதான்டி" என்று அவள் சிரித்து, அட்டை ரூமைப் போர்வைக்கு மேலேயே வைத்துவிட்டுத் தூங்கிப்போனாள்.

வெள்ளிக்கிழமை மேடம் கையெழுத்துப் போட்டார். அட்டை ரூம் வகுப்பு மேசையில் ஆணி அண்ணனுக்காகக் காத்திருந்தது. சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கீழே போயிருந்தார்கள். ரசமட்டம் மறந்துபோன டிபன் டப்பாவை எடுக்க வந்தாள். வந்தவள் டப்பாவை எடுத்தாள். போகவில்லை.

எனக்கு ஒரு கண் போனாலும் பரவாயில்லை, எதிரிக்கு இரண்டும் போக வேண்டும் என்று நினைக்கிறவர்கள் மட்டும்தான் கெட்டவர்களா? எனக்கு ஒன்றும் வேண்டாம், அவளுக்கு ஒரே ஒரு கண்ணில் ஒரு தூசி விழுந்தால் போதும் என்று நினைப்பதற்கு என்ன பெயர்? பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவள் கட்டைவிரலால் அந்தக் குனிந்த பெண்ணை நடுச்சுவரிலிருந்து பெயர்த்தாள். பசை இழுத்து இழுத்து விட்டது. அறையிலேயே மட்டமான இடம் எது? கதவு இருக்கிற சுவர். உள்ளே வருகிறவர்களுக்கு முதுகுப் பக்கம். அதிலும் கைப்பிடியின் ஓரம், கீழே, தரையை ஒட்டி. குப்பைக்கூடை வைக்கிற இடம். அங்கே அழுத்தினாள். நேராக இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் பேருந்தில் ஜன்னல் ஓர இடத்தைச் சித்தி மகளுக்கு விட்டுக்கொடுத்தாள். "என்னடி, உடம்பு சரியில்லையா?" என்றாள் அவள்.

திங்கட்கிழமை ஆணி அண்ணன் மாட்டி முடித்துவிட்டு, கைகளைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தார். சித்தி மகள் உள்ளே போனாள். ரசமட்டம் நடைவழியில் சுவரில் சாய்ந்து நின்று, ஒரு கூச்சலுக்காகக் காத்திருந்தாள். கூச்சல் வரவில்லை. நாற்காலி இழுபடுகிற சத்தம் ஒரு முறை கேட்டது. பிறகு அதுவும் இல்லை. வெகு நேரம் கழித்துக் கதவு திறந்தது. சித்தி மகள் வெளியே வந்தாள்.

"எல்லாம் சரியா இருக்கா?"

"ம்."

"மாத்தணுமா ஏதாவது?"

"வேணாம். பசிக்குது, வா."

அந்த 'ம்' அவளை இரண்டு நாள் அரித்தது. கவனிக்கவில்லையா? கவனிக்காமல் இருக்க முடியுமா? பத்து நாள் தலையில் பசையோடு உட்கார்ந்தவளுக்கு நடுச்சுவர் காலியாக இருப்பது தெரியாதா?

கண்காட்சி திறந்த அன்று அறை நிறைந்திருந்தது. ரசமட்டம் முதலில் பார்த்தது நடுச்சுவரைத்தான். வெறும் வெள்ளை. அடிவயிற்றில் ஒரு குளுமை. ஆனால் ஜனங்கள் அந்த வெள்ளைக்கு முன்னால் வந்து நின்றார்கள். எதையோ விட்டுவிட்டோமோ என்று அக்கம்பக்கம் பார்த்தார்கள். ஒரு பெண் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு ஒருவர் வெளியே போகக் கைப்பிடியில் கை வைத்தார், கீழே எதையோ கண்டார், குனிந்தார். முதுகு வளைந்தது. ஒரு கை தரையில் ஊன்றியது. பின்னால் நின்றவர்கள் படத்தைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தார்கள். அடுத்தவர் குனிந்தார். அதற்கடுத்தவர். வெளியே போகிற ஒவ்வொருவரும் அந்தத் திருகாணிக்காரியாக மாறி, நிமிர்ந்து, சிரித்துக்கொண்டு போனார்கள். சிலர் சிரிக்காமல் போனார்கள்.

அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டு, எழுந்திருக்க இவள் கையைக் கேட்டார்.

"பார்த்தியா? வெறும் சுவத்தைக் காட்டி ஏமாத்திட்டு, போகும்போது காலைப் பிடிக்கறா. உன் சித்தி மக மூளைக்காரிடி."

"ம்."

"நீ வெச்சதும் அழகுதான். வரிசையா, லட்சணமா..." அப்பா வார்த்தை தேடினார். கிடைக்கவில்லை. "ஆனா இது வேற."

அப்பா, அது நான் வைத்தது. நாக்கு நுனிவரை வந்தது. அதற்கடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்பதும் கூடவே வந்தது. விழுங்கினாள். கெடுவான் கேடு நினைப்பான் என்பார்கள். கேடு நினைத்தவளுக்குக் கேடு வந்திருந்தால்கூடத் தேவலை. நினைத்த கேடு பூவாகப் பூத்து அடுத்தவள் தலையில் போய் உட்கார்ந்தால் யாரிடம் சொல்லி அழுவது?

விமர்சனக் கூட்டத்தில் எல்லோரும் அந்தக் கணுக்கால் உயரத்துப் படத்தைத்தான் எழுதியிருந்தார்கள். வாயாடிகூட, "இடுப்பு வலிக்கிறது, ஆனால் நியாயமான வலி" என்று எழுதியிருந்தான். ரசமட்டம் படிக்கும் முறை வந்தபோது, உடம்பு சரியில்லாததால் எழுதவில்லை என்றாள். அவள் எழுதாமல் வந்தது அதுவே முதல் தடவை. மேடம் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, சித்தி மகள் பக்கம் திரும்பினார்.

"நான் கையெழுத்துப் போடும்போது அந்தப் படம் நடுவுல இருந்த மாதிரி ஞாபகம். எப்போ மாத்தினே?"

"நான் மாத்தலை மேடம்."

வகுப்பு அசைந்தது.

"அட்டை ரூம்ல யாரோ மாத்தியிருக்காங்க. உள்ள போய்ப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஆணி அண்ணனைக் கூப்பிடலாம்னு கதவுகிட்ட போனேன். கைப்பிடியைப் பிடிச்சேன். குனிஞ்சேன்." அவள் நிறுத்தினாள். "அப்புறம் கூப்பிடத் தோணலை. நாற்காலியைப் போட்டு உக்காந்துட்டேன். யாருன்னு தெரிஞ்சா வாசல் பலகையில பேரைச் சேர்க்கணும் மேடம். அது என் யோசனை இல்லை."

"பேய் வேலையா இருக்கும்" என்றான் வாயாடி. "ஆனா படிச்ச பேய்."

சிரிப்பு அடங்குவதற்குள் ரசமட்டம் எழுந்து நின்றிருந்தாள். "நான்தான்."

மேடத்தின் முகம் மலர்ந்தது. இரண்டு வருஷத்தில் இவளுக்காக அந்த முகம் மலர்ந்தது இதுதான் முதல். "நீயா? உக்காரு, உக்காரு. இல்லை, நில்லு. சொல்லு, ஏன் அங்க வெச்சே? என்ன யோசிச்சே?"

வார்த்தைகள் தயாராக வரிசையில் நின்றன. பார்க்கிறவரின் உடம்பையும் படத்துக்குள் இழுப்பது. இல்லாமையைச் சுவரில் மாட்டுவது. இதைச் சொல்ல இரண்டு வருஷம் படித்திருக்கிறாள், சுத்தமாகச் சொல்லவும் வரும். சொன்னால் ஹாலில் பாதி கிடைக்கலாம். முழுசாகவேகூடக் கிடைக்கலாம். வாயைத் திறந்தவள், ஒரு தடவை சித்தி மகளைப் பார்த்தாள். அங்கே கோபமோ எரிச்சலோ இருக்கும் என்று நினைத்தாள். அவள் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு, பெருமையாக, கண் நிறைய இவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொந்த அறையைப் பறிகொடுத்துவிட்டுப் பெருமைப்படுகிறாள். அதிலும் அவளே ஜெயிக்கிறாள். அந்தப் பெருமையை அங்கேயே துடைத்துப் போட வேண்டும் போல இருந்தது.

"யாரும் பார்க்கக் கூடாதுன்னு வெச்சேன்" என்றாள்.

"புரியலை."

"டிபன் டப்பா எடுக்க வந்தப்போ, குப்பைக்கூடை வைக்கற இடம்னு வெச்சேன். அவ ரூம் ரொம்ப நல்லா இருந்துச்சு. கெடுக்கணும்னு வெச்சேன்."

சித்தி மகளின் கைகள் கன்னத்திலிருந்து இறங்கின.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. "பொய் சொல்லியிருந்தா நல்ல மார்க் போட்டிருப்பேன்" என்றார். பிறகு, "இனிமே யாரோட அட்டை ரூம் பக்கமும் நீ தனியாப் போகக் கூடாது. ஹால் அவளுக்கு. மாத்தாம விட்டாளே, அதுவும் ஒரு முடிவுதான்" என்று சொல்லி எழுந்துபோனார்.

பேருந்து நிறுத்தத்தில் இரண்டு பேர் மட்டும் நின்றார்கள். நடுவில் இன்னும் இரண்டு பேர் நிற்கிற இடைவெளி. ஒரு பேருந்து வந்தது. ஏறவில்லை. அது போனது.

"பலகையில பேரு போடப் போறதில்லை" என்றாள் சித்தி மகள், சாலையைப் பார்த்தபடி.

"போட வேணாம்."

"நல்லதுக்கு வெச்சிருந்தா போட்டிருப்பேன். கெடுக்க வெச்சதுக்கு எதுக்குடி பேரு?"

"சரின்னு சொல்லிட்டேனே."

"பெரியம்மாகிட்ட சொல்லுவேன்."

"சொல்லு."

"சொல்ல மாட்டேன். எனக்கே கேவலம்." அவள் பையைத் தோளில் ஏற்றினாள், இறக்கினாள். சட்டென்று திரும்பினாள். கண் சிவந்திருந்தது. "பத்து நாள்டி! பத்து நாள் அந்த ஒரு படத்தை எங்க வைக்கறதுன்னு மண்டையை உடைச்சுக்கிட்டேன். நீ டிபன் டப்பா எடுக்க வந்த கையோட, ஒரு கட்டைவிரல்ல... அதுவும் யோசிக்காம! கோவத்துல! நான் எவ்வளவு யோசிச்சாலும் அங்க போயிருக்க மாட்டேன். இந்த வாரம் முழுக்க அதையே நினைச்சுப் படுத்திருக்கேன். யாரோ நம்மளைவிடப் பெரிய ஆளு கல்லூரியில இருக்காங்கன்னு நினைச்சேன். பார்த்தா நீ. பக்கத்துக் கட்டில்ல குறட்டை விடற நீ."

ரசமட்டம் அவளைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து பார்த்த முகம்தான். ஆனால் அந்த முகத்தில் இதை அவள் பார்த்ததில்லை. இது தன் முகத்தில் வரும்போது உள்ளே எப்படி இருக்கும் என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். வெளியே இருந்து இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது: உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, மூக்கு நுனி சிவந்து, அசிங்கமாக.

"உனக்கு எரியுதா?" என்றாள்.

"என்னது?"

"என்னைப் பார்த்து. வயிறு எரியுதா?"

சித்தி மகள் பல்லைக் கடித்தாள். "எரியாம? திகுதிகுன்னு எரியுது."

"நிஜமாவா?"

"உன் மேல சத்தியமா. போதுமா?"

ரசமட்டம் நடுவில் இருந்த இடைவெளியைக் கடந்து அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். அடுத்த பேருந்து தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

"இன்னொரு தடவை சொல்லு" என்றாள்.